பைக்குள் கைவிடும் முன்: சமவாய்ப்புத் தேர்வுக் கணக்குகளைப் போடும் முறை

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 நீலப் பந்துகள், 2 பச்சைப் பந்துகள். பார்க்காமல் ஒன்றை எடுக்கிறோம். அது பச்சையாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

"நிறம் மூன்று, பச்சை அதில் ஒன்று, ஆகவே 1/3" என்று புதிதாகக் கற்க வருபவர்கள் சொல்லிவிடுவதுண்டு. விடை தவறுதான். ஆனால் தவறு எந்த இடத்தில் நடந்தது என்று பிடித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. அவர்கள் எண்ணியது நிறங்களை. கையில் அகப்படுவதோ பந்து. மூன்று நிறங்களுக்கும் வாய்ப்பு ஒரே அளவில் இல்லை. பத்துப் பந்துகளுக்கும் அது ஒரே அளவில் இருக்கிறது. ஆகவே பத்தில் இரண்டு: 2/10 = 1/5.

நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். வகுத்தலைத் தொடும் முன் "எவற்றுக்கெல்லாம் சம வாய்ப்பு?" என்று கேளுங்கள். கிடைக்கும் விடையை ஒரு வரியாகத் தாளில் எழுதுங்கள். சூத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

இதில் வழுக்கி விழுவது தொடக்கநிலை மாணவர்கள் மட்டுமல்ல. பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேர் 1754இல் வெளிவந்த கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இப்படி வாதிட்டார்: ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டலாம், தலை விழுந்தால் வெற்றி. முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிகிறது. ஆகவே முடிவுகள் மூன்று: முதலிலேயே தலை; பூ விழுந்து பிறகு தலை; பூ விழுந்து பிறகும் பூ. மூன்றில் இரண்டு வெற்றி, அதனால் நிகழ்தகவு 2/3. சரியான விடை 3/4. அவர் எழுதிய மூன்று முடிவுகளும் உண்மையானவைதான், ஆனால் சம எடை உள்ளவை அல்ல. "முதலிலேயே தலை" என்பதன் வாய்ப்பு 1/2, மற்ற இரண்டுக்கும் 1/4, 1/4. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்காகப் பிரித்தால்தான் ஒவ்வொன்றும் சமமாகிறது. அவ்வளவு பெரிய கணிதஅறிஞரே தடுமாறிய இடம் என்பதால், நீங்களும் இங்கே நின்று நிதானிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படி 1: கேள்வியை வாசியுங்கள், மூன்று தகவல்களைப் பிரித்தெடுங்கள்

எதிலிருந்து எடுக்கிறோம்? எத்தனை எடுக்கிறோம்? எடுத்ததைத் திரும்ப வைக்கிறோமா? இந்த மூன்றையும் கேள்வியிலிருந்து பிரித்துத் தனியாக எழுதுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேள்வியில் "ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள்" என்று இருந்தால் அது திரும்ப வைக்காமல் எடுப்பதற்குச் சமம். எடுத்த பந்தே மறுபடி கைக்கு வர வழியில்லை.

"சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறது" என்ற தொடரையும் கண்டும் காணாமல் தாண்டிப் போகாதீர்கள். எல்லாப் பொருள்களுக்கும் ஒரே வாய்ப்பு என்று உங்களுக்கு வாக்குறுதி தருவது அந்தத் தொடர்தான். அது இருப்பதால்தான் வெறும் எண்ணிக்கையை வைத்தே விடை காண முடிகிறது. வாழ்க்கையில் இந்த வாக்குறுதி தானாக வந்து நிற்பதில்லை. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்கும் வரிசையைப் பிறந்த தேதியின்படி குலுக்கல் மூலம் முடிவு செய்தார்கள். ஆண்டின் 366 தேதிகளையும் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். குப்பிகளை மாத வாரியாகச் சேர்த்திருந்தார்கள், சரியாகக் கலக்கவில்லை. விளைவாக, ஆண்டின் பிற்பகுதியில் வரும் தேதிகள், குறிப்பாக டிசம்பர் தேதிகள், எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக முன்வரிசையில் வந்து விழுந்தன. பார்க்காமல் எடுத்தது உண்மைதான். ஆனாலும் அது சமவாய்ப்பு ஆகிவிடவில்லை. பாடப்புத்தகக் கணக்கில் இந்தக் கவலை நமக்கு இல்லை.

படி 2: ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுங்கள்

5 சிவப்புப் பந்துகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம். கணக்கில் அவை ஐந்து தனித்தனிப் பந்துகள். மனத்துக்குள் சி1, சி2, சி3, சி4, சி5, நீ1, நீ2, நீ3, ப1, ப2 என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதிவிடுங்கள். இந்தப் பத்தும் சேர்ந்த பட்டியல்தான் கூறுவெளி. கேள்வி கேட்கும் முடிவுகள் அதில் எவையோ, அவை சேர்ந்தது நிகழ்ச்சி. நிகழ்தகவு என்பது நிகழ்ச்சியில் உள்ளவற்றின் எண்ணிக்கையைக் கூறுவெளியில் உள்ளவற்றின் எண்ணிக்கையால் வகுப்பது.

பந்துக்குப் பதில் எண்கள் வந்தால் வேலை இன்னும் எளிது, ஒரு கண்ணி மட்டும் உண்டு. "20 முதல் 50 வரையுள்ள முழு எண்களில் ஒன்று" என்றால் மொத்தம் 30 என்று கை தானாக எழுதிவிடும். இரு முனைகளும் சேர்ந்தால் 31. கடைசியிலிருந்து முதலைக் கழித்து ஒன்றைக் கூட்ட வேண்டும். அதில் 3இன் மடங்குகள் 21 முதல் 48 வரை பத்து, ஆகவே நிகழ்தகவு 10/31. பகுதி ஒன்று குறைந்தால் விடை முழுவதும் போச்சு.

படி 3: "அல்லது" வந்தால், இரண்டுக்கும் பொதுவானது உண்டா என்று பாருங்கள்

1 முதல் 50 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம். அது 3ஆல் அல்லது 5ஆல் வகுபட வேண்டும். 3இன் மடங்குகள் 16, 5இன் மடங்குகள் 10. கூட்டினால் 26. ஆனால் 15, 30, 45 ஆகிய மூன்றும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. அவற்றை இரண்டு முறை எண்ணிவிட்டோம், ஒரு முறை கழித்தால் 23. விடை 23/50.

பொதுவானது எதுவும் இல்லையென்றால் நேராகக் கூட்டலாம். நம் பையில் ஒரு பந்து சிவப்பாகவும் நீலமாகவும் இருக்க முடியாது, எனவே "சிவப்பு அல்லது நீலம்" 5/10 + 3/10 = 8/10. இவற்றை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்பார்கள். இதே 8/10ஐ "பச்சை அல்லாதது" என்று பார்த்து 1 − 2/10 என்றும் எழுதலாம்.

படி 4: இரண்டாவது பந்து

இங்கேதான் மெதுவாக நடக்க வேண்டும். அதே பையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பந்துகளை எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன?

முதல் பந்தைத் திரும்ப வைத்துக் கலக்கிவிட்டு எடுத்தால், இரண்டாவது முறையும் பை பழைய பைதான்: 5/10 × 5/10 = 1/4. திரும்ப வைக்காவிட்டால், முதல் சிவப்பு போன பிறகு பையில் 9 பந்துகள், அவற்றில் 4 சிவப்பு: 5/10 × 4/9 = 20/90 = 2/9. பகுதி ஒன்று குறைகிறது, தொகுதியும் ஒன்று குறைகிறது. தொகுதியைக் குறைத்துவிட்டுப் பகுதியை 10ஆகவே வைத்திருப்பது நான் அடிக்கடி திருத்த நேரும் பிழை.

இனி ஒன்று சிவப்பு, மற்றது நீலம். 5/10 × 3/9 = 15/90 என்று எழுதி நிறுத்திவிட்டால் பாதி விடைதான். அது "முதலில் சிவப்பு, பிறகு நீலம்" மட்டும். கேள்வியில் வரிசை பற்றிப் பேச்சே இல்லை. "முதலில் நீலம், பிறகு சிவப்பு" என்பதற்கும் 3/10 × 5/9 = 15/90. இரண்டையும் கூட்டினால் 30/90 = 1/3. நிறங்கள் வேறு வேறாக வரும்போதெல்லாம், எத்தனை வரிசைகளில் அது நடக்கலாம் என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதல் பந்தைத் திரும்ப வைக்காமல், அதன் நிறத்தையும் பார்க்காமல் ஓரமாக வைத்துவிடுகிறோம். இரண்டாவதாக எடுக்கும் பந்து பச்சையாக இருக்க நிகழ்தகவு என்ன? "பையில் 9தானே இருக்கிறது, எனவே ஏதோ ஒன்றின் கீழ் 9" என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம். முதலாவது பச்சையாகி இரண்டாவதும் பச்சை: 2/10 × 1/9 = 2/90. முதலாவது பச்சை அல்லாமல் இரண்டாவது பச்சை: 8/10 × 2/9 = 16/90. கூட்டினால் 18/90 = 1/5. முதல் பந்துக்கு என்ன விடையோ, அதே விடை!

யோசித்துப் பார்த்தால் இது இயல்பானதுதான். பத்துப் பந்துகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக அடுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இடத்தில் இருக்கும் பந்து பத்தில் எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. நாம் முதல் பந்தைப் பார்த்தால்தான் நிகழ்தகவு மாறும். பையிலிருந்து பந்து வெளியே போனது மட்டும் காரணமல்ல, நமக்குத் தகவல் கிடைப்பதுதான் காரணம். இதை விளங்கிக்கொண்டவருக்குச் சீட்டெடுப்பில் "முதலில் எடுப்பவருக்குத்தான் வாய்ப்பு அதிகம்" என்ற ஐயம் போய்விடும். யார் எப்போது எடுத்தாலும், எடுத்தவற்றை யாரும் பிரித்துப் பார்க்காதவரை, வாய்ப்பு ஒன்றுதான்.

படி 5: வரிசை தேவையில்லையென்றால் குழுக்களை எண்ணுங்கள்

பெருக்கிக்கொண்டே போவது இரண்டு, மூன்று பொருள்கள் வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் குழுக்களாக எண்ணுவது சுலபம். 10 பந்துகளில் 2ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள்: முதலாவதுக்கு 10 வழி, இரண்டாவதுக்கு 9 வழி, ஆக 90. ஆனால் சி1-நீ2 என்பதும் நீ2-சி1 என்பதும் ஒரே இணை. ஒவ்வொரு இணையும் இரண்டு முறை வந்துவிட்டது. 90 ÷ 2 = 45. மூன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு குழுவும் 3 × 2 × 1 = 6 வரிசைகளில் வரும், எனவே 6ஆல் வகுக்க வேண்டும். நான்கு என்றால் 24ஆல். சேர்வுகள் என்ற பெயரில் வரும் சூத்திரம் இவ்வளவுதான்.

இரண்டும் சிவப்பு: 5இல் 2ஐ எடுக்கும் வழிகள் (5 × 4) ÷ 2 = 10. ஆகவே 10/45 = 2/9. முன்பு பெருக்கிக் கண்ட அதே விடை. ஒரு சிவப்பு, ஒரு நீலம்: 5 × 3 = 15 இணைகள், 15/45 = 1/3. இதுவும் ஒத்துப்போகிறது.

ஒரே எச்சரிக்கை: மேலே வரிசை பார்க்காமல் எண்ணினால் கீழேயும் வரிசை பார்க்காமல் எண்ணுங்கள். தொகுதியில் இணைகளையும் பகுதியில் வரிசைகளையும் கலந்தால் விடை கெட்டுவிடும். 15/90 என்று எழுதிவிட்டு எங்கே தவறு என்று தேடுபவர்கள் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பகடையில் இன்னொரு கவனம் வேண்டும். மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வருவதற்கு ஆறு விதமான எண்சேர்க்கைகள். 10 வருவதற்கும் ஆறு. அப்படியிருந்தும் 10 சற்றே அதிகமாக வருவதாகச் சூதாடிகளுக்குத் தோன்றியது. கலிலியோ அதை ஆராய்ந்து விளக்கினார். பகடைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று எனப் பெயர் கொடுத்து எண்ணினால் மொத்தம் 216 முடிவுகள். அவற்றில் 9 தருபவை 25, 10 தருபவை 27. காரணம், 1-2-6 போன்ற சேர்க்கை ஆறு விதமாக விழும், 3-3-3 ஒரே விதமாகத்தான் விழும். படி 2இல் எண் கொடுக்கச் சொன்னேனே, அதன் பலன் இங்கே தெரிகிறது.

படி 6: "குறைந்தது ஒன்றாவது" என்று பார்த்ததும் மறுபக்கத்தைப் பாருங்கள்

இரண்டு பந்துகளில் குறைந்தது ஒன்றாவது பச்சையாக இருக்க வேண்டும். இதன் மறுபக்கம்: ஒன்றுகூடப் பச்சை இல்லை. பச்சை அல்லாத 8 பந்துகளில் 2ஐ எடுக்கும் வழிகள் 28. எனவே 1 − 28/45 = 17/45. நேராகப் போட்டாலும் வரும்: சரியாக ஒரு பச்சை 2 × 8 = 16 இணைகள், இரண்டும் பச்சை 1 இணை, மொத்தம் 17.

கொஞ்சம் பெரிய கணக்கில் இந்த வழியின் அருமை தெரியும். 7 பெண்கள், 5 ஆண்கள் உள்ள ஒரு குழுவிலிருந்து 3 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கிறோம். குறைந்தது ஓர் ஆணாவது இருக்க நிகழ்தகவு? மொத்த வழிகள் (12 × 11 × 10) ÷ 6 = 220. மூவரும் பெண்களாக இருக்கும் வழிகள் (7 × 6 × 5) ÷ 6 = 35. விடை 185/220 = 37/44.

இதற்கு ஒரு தவறான குறுக்குவழி உண்டு, மிகவும் நியாயமாகத் தோன்றும். "முதலில் ஓர் ஆணை எடுத்துவிடுகிறேன், 5 வழி. மீதி 11 பேரில் யாராவது இரண்டு பேர், 55 வழி. பெருக்கினால் 275." ஆனால் மொத்தமே 220தான்! நிகழ்தகவு ஒன்றைத் தாண்டிவிட்டது. என்ன நடந்தது? இரண்டு ஆண்கள் உள்ள குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இவரை "முதல் ஆண்" என்று வைத்து ஒரு முறை, அவரை "முதல் ஆண்" என்று வைத்து இன்னொரு முறை, ஆக இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். மூன்று ஆண்கள் உள்ள குழு மூன்று முறை வந்திருக்கிறது. உண்மையில் ஓர் ஆண் உள்ள குழுக்கள் 105, இரண்டு ஆண்கள் உள்ளவை 70, மூன்று ஆண்கள் உள்ளவை 10. அவற்றைக் கூட்டினால் 185. தவறான வழியில் 105 + 140 + 30 = 275. இந்தக் கணக்கில் விடை ஒன்றைத் தாண்டியதால் தவறு கண்ணில் பட்டது. எண்கள் வேறாக இருந்தால் ஒன்றுக்குள்ளேயே அடங்கி, சரியான விடை போலவே தாளில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு குழுவை எண்ணும்போது, "இதே குழு வேறு வழியாகவும் என் எண்ணிக்கையில் வருமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

படி 7: தகவல் கொடுத்திருந்தால் கூறுவெளியைச் சுருக்குங்கள்

"முதல் பந்து சிவப்பு என்று தெரியும். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு?" மீதி 9இல் 4 சிவப்பு, விடை 4/9. "இரண்டில் குறைந்தது ஒன்று சிவப்பு என்று தெரியும். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு?" இது வேறு கேள்வி. 45 இணைகளில் சிவப்பே இல்லாதவை 10. அவற்றை அடித்துவிட்டால் மீதி 35. அவற்றில் இரண்டும் சிவப்பானவை 10. விடை 10/35 = 2/7. காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு வாக்கியங்கள் வேறு வேறு இணைகளை அடிக்கச் சொல்கின்றன. நிபந்தனை நிகழ்தகவு என்ற பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். தகவலோடு பொருந்தாதவற்றை அடித்துவிட்டு மீதியை எண்ணுவதுதான் அது.

விடையைச் சரிபார்க்க இரண்டு வழிகள். முதலாவது, அது 0க்கும் 1க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, எல்லா வகைகளின் நிகழ்தகவுகளையும் கூட்டி 1 வருகிறதா என்று பார்ப்பது. நம் பையில் இரண்டு பந்துகள் எடுத்தால்: இரண்டும் சிவப்பு 10, இரண்டும் நீலம் 3, இரண்டும் பச்சை 1, சிவப்பு-நீலம் 15, சிவப்பு-பச்சை 10, நீலம்-பச்சை 6. கூட்டுங்கள்: 45. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இருமுறை வரவில்லை.

இனி நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதல் கணக்கு: 1 முதல் 30 வரை எண்ணிட்ட அட்டைகளில் ஒன்றை எடுக்கிறோம். அது பகா எண்ணாகவோ இரட்டை எண்ணாகவோ இருக்க நிகழ்தகவு?

இரண்டாவது: 4 கறுப்பு, 6 வெள்ளைக் காலுறைகள் ஒரு பெட்டியில் கலந்து கிடக்கின்றன. இருட்டில் இரண்டை எடுத்தால் இரண்டும் ஒரே நிறமாக இருக்க நிகழ்தகவு?

மூன்றாவது: 12 மின்விளக்குகளில் 3 பழுதானவை. 4ஐ எடுத்தால் குறைந்தது ஒன்றாவது பழுதாக இருக்க நிகழ்தகவு?

முதலாவதில் பகா எண்கள் 10, இரட்டை எண்கள் 15, இரண்டிலும் இருப்பது 2 என்ற ஓர் எண் மட்டும்; 24/30 = 4/5. இரண்டாவதில் கறுப்பு இணைகள் 6, வெள்ளை இணைகள் 15; 21/45 = 7/15. மூன்றாவதில் மொத்தம் 495 வழிகள், பழுதே இல்லாதவை 126; 369/495 = 41/55. இரண்டாவதில் 7/15க்குப் பதில் வேறு ஏதாவது வந்திருந்தால், காலுறைகளுக்கு எண் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.